மெம்பர் ஆஜர்

கார் கதவை யார் திறப்பது என்பதிலேயே அன்று காலை நேரம் வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

இருதயராஜ், பேரணாம்பட்டில் மக்பூல் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. ஐம்பது வயது. பாலாற்றுப் பக்கத்து ஊர்களின் குடிநீரைக் கவனிக்க சர்க்கார் ஒரு தண்ணீர்க் கமிட்டி அமைத்தபோது, சேரிகளின் சார்பில் ஒருவர் வேண்டும் என்று அவரை நியமித்திருந்தார்கள். மாதம் ஒருமுறை வேலூரில் கூட்டம். முதல் கூட்டத்துக்குப் போன அன்று பஸ் கண்டக்டர் குடியாத்தம் தாண்டி நடுவழியில் அவரை இறக்கிவிட்டான். இரண்டாம் கூட்டத்தன்று ஏற்றவே இல்லை. மூன்று கூட்டம் தொடர்ந்து வராத மெம்பரின் இடம் காலி என்பது கமிட்டியின் விதி. மூன்றாவது கூட்டம் இன்று, 1931ஆம் வருஷம் சித்திரை மாதத்து வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு.

சேரிக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தோல் கழுவின தண்ணீர் ஓடி ஓடி நிலத்துக்குள் இறங்கியதன் பலன் அது. தன் ஷாப் தண்ணீரும் அதில் சேர்ந்தது என்று சாயபுவுக்குத் தெரியும். அவர் வாய் திறந்து வருத்தம் சொல்கிற மனிதர் இல்லை. காரைக் கொடுத்தார். சில பேருடைய மனச்சாட்சி இப்படித்தான் பேசுகிறது. அதையும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"சுந்தரம், மேஸ்திரிய பதினோரு மணிக்குள்ள வேலூர்ல சேத்துடு. வழியில பேஜார் ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு சாயபு உள்ளே போய்விட்டார்.

டிரைவர் சுந்தரமூர்த்தி நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். சாயபு வீட்டில் பன்னிரண்டு வருஷமாக வண்டி ஓட்டியும், வெளித் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று வீட்டிலிருந்து பித்தளைக் கூஜாவில் தண்ணீர் கொண்டுவருகிறவர். இப்போது அவருக்கு இரண்டு சங்கடம். ஒன்று கதவு. இன்னொன்று, மேஸ்திரியை எப்படிக் கூப்பிடுவது? 'நீ' என்றால் சாயபு காதுக்குப் போகும். 'நீங்க' என்றால் தன் தெருவுக்குப் போகும்.

"ஏறலாம்" என்றார், காரைப் பார்த்து.

இருதயராஜ் கதவைத் தாமே திறந்துகொண்டு நின்றார். கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது.

"முன்னாடி ஒக்காந்தா தோள் இடிக்கும். பின்னாடி ஒக்காந்தா நான் மொதலாளி மாதிரி ஆயிடுவேன். எது தேவலாம், டிரைவரே?"

சுந்தரமூர்த்தி உண்மையாகவே யோசித்தார். "பின்னாடி" என்றார்.

குடியாத்தம் வரைக்கும் பேச்சு ஒன்றிரண்டு வார்த்தைதான். வெற்றிலை வேண்டுமா என்று கேட்க வெறும் 'வேணுமா' என்றும், காற்று ஜாஸ்தியா என்று கேட்க வெறும் 'ஜாஸ்தியா' என்றும் டிரைவர் ஆளில்லாத வார்த்தைகளாகவே பேசி வந்தார். குடியாத்தம் தாண்டியபின் இருதயராஜ்தான் வண்டி ஓட்ட எங்கே கற்றது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த டிரைவரும் வாய் மூடி இருக்க முடியாது. பதினாலாம் வருஷத்துப் பெரிய சண்டையின்போது பட்டாளத்தில் சேர்ந்து இராக்கு தேசத்துப் பஸ்ராவில் லாரி ஓட்டியதைச் சுந்தரமூர்த்தி சொல்லத் தொடங்கினார். மணல் காற்றில் நாற்பது மைல் ஓட்டி வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு ரொட்டியும் தேயிலையும் கொண்டுபோய் இறக்கிய அன்று, அதே தேயிலையில் ஒரு குவளை கேட்டு அவர்களுடைய கொட்டகைக்குள் நுழைந்தாராம். சார்ஜன்ட் ஒருவன் பிரம்பால் வாசலைக் காட்டினானாம். கறுப்பு ஆள் குடித்த குவளையில் தன் ஆட்கள் குடிக்க மாட்டார்கள் என்றானாம்.

"கோவம் வந்துச்சா?" என்று கேட்டார் இருதயராஜ்.

"வராம? மூணு நாள் தூக்கம் இல்ல."

"எனக்குத் தூக்கம் வந்துடும், டிரைவரே. தெனம் நடக்கிறதுக்கு எத்தினி நாள் முழிச்சிருக்கறது?"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. புளியமரங்களைப் பார்த்தபடி சொன்னார்.

பள்ளிகொண்டாவுக்கு இன்னும் ஆறு மைல் இருக்கும்போது எஞ்சின் கொதித்து ஆவி விட்டது. சாலை அங்கே ஒரு கிராமத்துத் தெருவுக்குள்ளேயே புகுந்து போகிறது. தெரு முனையில் ஒரு கிணறு. அங்கே வண்டியை நிறுத்தினார். மணி ஒன்பதே கால்.

அந்த ஊரில் மழை பொய்த்திருந்தது. கருகிய பயிரைப் பார்த்து வரியைத் தள்ளுபடி செய்ய ஓர் அதிகாரி வரப்போகிறார் என்று ஒரு வாரமாகக் காத்திருந்தார்கள். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாகக் காரின் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கவே, ஊர்த் தலைவரான மணியக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். முனியம்மா என்ற பெண்ணை எஞ்சினுக்குத் தண்ணீர் சேந்தச் சொன்னார். வெள்ளி டம்ளரில் மோர் வந்தது. ஒருவன் பனையோலை விசிறியால் விசிறினான். பயிர் காய்ந்த கதையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

சுந்தரமூர்த்திக்கு நிலைமை புரிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் மேஸ்திரி வாய் திறக்காமல் இருந்தால் போதும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய்விடலாம். கண்ணாலேயே கெஞ்சினார்.

"ஐயாவுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார் மணியக்காரர்.

இருதயராஜ் மோர் டம்ளரை வாங்கவில்லை. காலையில் ஜெபமாலை சொல்லிவிட்டு வந்த வாய் அது. தவிர, ஒரு மோர் டம்ளருக்காகத் தன் தாய் தகப்பனை இல்லை என்று சொல்ல அவர் தயாராக இல்லை.

"நீங்க நெனைக்கிற ஆளு நான் இல்லீங்க. நான் பேரணாம்பட்டு சேரிக்காரன். சாயபு தோல் ஷாப்பு மேஸ்திரி. வேலூர்ல கமிட்டி கூட்டத்துக்குப் போறேன்."

விசிறி நின்றது. டம்ளர் வந்த வழியே திரும்பிப் போனது. கிணற்றடியில் நிறை குடத்தோடு நின்ற முனியம்மாவிடம் அதைக் கொட்டிவிடச் சொன்னார்கள். மணியக்காரருக்கு ஏமாற்றத்தோடு அவமானமும் சேர்ந்துகொண்டது. ஊரே பார்க்கக் கும்பிட்டிருந்தார். கடைசியில் அவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். வண்டி தெரு வழியாகப் போகலாம். அந்த ஆள் மட்டும் இறங்கி வயல் வரப்பில் சுற்றி நடந்து, ஊருக்கு அந்தப் பக்கம் ஏறிக்கொள்ளட்டும். ஒரு மைல் நடைதான், அதில் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார்.

"அதில நேரம் கொறையும்" என்றார் இருதயராஜ். "மீதி இன்னா கொறையும்னு எனக்குத் தெரியும். நான் எறங்கல."

எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். நெற்றியில் விபூதி இருக்கிறவன், தங்கள் பக்கம்தான் பேசுவான் என்று நினைத்தார்கள்.

சுந்தரமூர்த்தி தம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ராவில் பிரம்பு காட்டிய வாசல் அவருக்கு ஞாபகம் வந்திருக்கலாம். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"அவரு எறங்க மாட்டாரு" என்றார். "அவரு கமிட்டி மெம்பரு. நான் அவரோட டிரைவரு. வழிய உடுங்க."

"சேரிக்காரனுக்கு 'அவரு'வா?" என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "சாயபு உப்பத் தின்னு தின்னு உனுக்கு நாக்கு கொழகொழன்னு ஆயிடுச்சா?"

"ஆமா. இப்பதான் சரியா பொரளுது."

வண்டியைக் கிளப்பி, தெரு நடுவில், நடக்கிற வேகத்திலேயே ஓட்டினார். ஹாரனை அழுத்திக்கொண்டே போனார். எங்கிருந்தோ வந்த சாணி உருண்டை முன் கண்ணாடியில் அப்பியது. அவர் அதைத் துடைக்கவில்லை. இருதயராஜ் ஒரு தடவைகூடக் குனியவில்லை.

ஊரைத் தாண்டியதும் எஞ்சின் மறுபடி ஆவி விட்டு நின்றேவிட்டது. அப்போது வீடுகளின் பின்பக்கமாக, இடுப்பில் அதே குடத்தோடு முனியம்மா வந்தாள். மூச்சு வாங்கியது. குடத்தைச் சாலையில் வைத்தாள்.

"உனக்கு வம்பு வராதாம்மா?" என்று இருதயராஜ் கேட்டார்.

"கொட்டச் சொன்னாங்க" என்றாள் அவள். "எங்கன்னு சொல்லல."

எஞ்சினில் ஊற்றிவிட்டுக் குடத்தைத் திருப்பிக் கொடுத்ததும் போய்விட்டாள். உலகத்தில் நீதி எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அது வருகிற வரைக்கும் வழியில் இப்படி யாராவது ஒருவரை ஆண்டவன் குடத்தோடு நிறுத்தி வைக்கிறான்.

சுந்தரமூர்த்தி தம் கூஜாவை எடுத்து இருதயராஜிடம் கொடுத்தார். தூக்கி ஊற்றவில்லை. கையில் கொடுத்தார். "குடிங்க. காலையிலேந்து ஒண்ணும் குடிக்கல நீங்க." இருதயராஜ் அண்ணாந்து குடித்துவிட்டுத் திருப்பினார். மிச்சத்தை டிரைவர் குடித்தார்.

கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த கமிட்டிக் கட்டடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது பதினொன்றுக்கு நாலு நிமிஷம். வாசலில் குமாஸ்தா ஆஜர்ப் புத்தகத்தோடு நின்றார். நல்ல மனிதர்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். வராந்தாவில் தனியாக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறது. அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும், இடம் பறிபோகாது. சேரிக் கிணறு விஷயம் வரும்போது குமாஸ்தா தாமே எடுத்துச் சொல்வார். உள்ளே சில மெம்பர்களுக்குச் சங்கடம். "கையெழுத்துப் போட்டா ஆஜர் ஆன மாதிரிதானே?"

இருதயராஜ் பேனாவைக் கையில் எடுத்தார். பேரணாம்பட்டிலிருந்து வந்தது இந்தக் கையெழுத்துக்காகத்தான். போட்டுவிட்டுத் திரும்பினால் யாரும் அவரைக் குறை சொல்லப்போவதில்லை.

"ஆஜர் ஆன மாதிரி வேணாங்க" என்றார். "ஆஜர் ஆவணும்."

கையெழுத்தைப் போட்டு, பேனாவை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, உள்ளே போனார். சுந்தரமூர்த்தி ஜன்னலுக்கு வெளியே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நீள மேஜையைச் சுற்றி ஏழு பேர் இருந்தார்கள். எட்டாவது நாற்காலியில் காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்தன. இருதயராஜ் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக மேஜைமேல் வைத்தார். கும்பிட்டார். உட்கார்ந்தார்.

இரண்டு மெம்பர்கள் எழுந்தார்கள். தலைவர் ஒரு வயதான வக்கீல், சண்டையை விரும்பாதவர். ஏழு பேருக்குக் குறைந்தால் கூட்டம் நடக்காது என்பதை மட்டும் நினைவுபடுத்தினார். எழுந்தவர்களில் ஒருவருடைய ஊர் வாய்க்கால் இன்றைக்கு ஒப்புதலுக்கு வந்திருந்தது. அவர் வாய்க்காலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர் தனியாக நிற்க முடியாமல் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

தலைவர் முதல் விஷயத்தை வாசித்தார். ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஊர்க் குளத்துக்கு நாலு பக்கமும் படிக்கட்டுக் கட்டுவது. ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொள்ளலாமா என்று வழக்கம்போலக் கேட்டார்.

இருதயராஜ் கையைத் தூக்கினார்.

"உங்க கிணறு பதினோராவது விஷயம்" என்றார் தலைவர், இரக்கமாக.

"தெரியுங்க. அது வரும்போது அதைப் பேசுறேன். இது இந்தக் கொளத்தப் பத்தி." அவர் குரல் நிதானமாக இருந்தது. "நாலு பக்கமும் படிக்கட்டுன்னு வாசிச்சீங்க. அந்த ஊர்ச் சேரி ஜனங்க எந்தப் பக்கத்துல எறங்குவாங்கன்னு எழுதியிருக்குதா?"

அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டது ஒரு மெம்பர். குமாஸ்தா காகிதக் கட்டைப் பிரித்து முதல் காகிதத்திலிருந்து புரட்டத் தொடங்கினார். அவர் தேடி முடிக்கும்வரை கமிட்டி காத்திருந்தது.