ஐரீன் குளிக்க வேண்டிய வெந்நீர்

1

இந்தக் கதை ஒரு பழைய துண்டில் சுற்றி என் மேஜைக்கு வந்தது. கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு நெவில்.

"நீ கதை எழுதுற ஆளாச்சே, இது என்னன்னு சொல்லு பாப்போம்."

வளைந்த கம்பி. மேலெல்லாம் வெள்ளைக் காரை, நடுவில் வெடிப்பு. வாட்டர் ஹீட்டரின் எலிமென்ட். எங்கள் ஊர் பின்னரூவின் உப்புப் போர்வெல் தண்ணீர் எங்கள் கெட்டில்களையும் இப்படித்தான் படுத்துகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஜூலை மாதக் குளிரில் அந்த முதியவரின் இதயமும் மெல்ல...'

சீ! இதயமாவது மண்ணாவது. எலிமென்ட்டோடு நிற்போம்.

2

நெவிலின் மனைவி ஐரீன், இடுப்பெலும்பு உடைந்து மர்ரே பிரிட்ஜ் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நாளைக் காலை வீட்டுக்கு வருகிறாள். வந்து இங்கேயே தங்குவாளா, அடிலெய்டில் இருக்கும் மகளோடு போய்விடுவாளா என்பது முடிவாகவில்லை. (நெவிலுக்குக் காது மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் தெருவுக்கே தெரியும்.)

"யோவ், வந்ததும் சுடச்சுட ஒரு குளியல் போடணும். பச்சைத் தண்ணி வந்துச்சுன்னு வை, அப்படியே திரும்பிக் கார்ல ஏறிடுவேன், ஆமா."

"நீ வாடி. தோல் உரியிற மாதிரி வச்சிருக்கேன்."

அப்போது ஹீட்டர் செத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

[ஒரு வாரம் ஏன் சும்மா இருந்தார்? பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்து கேட்டேன். "நான் ஒருத்தன்தானே, எனக்கு எதுக்கு வெந்நீர்?" என்றார். இதை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள்.]

3

எலக்ட்ரீஷியன் கெர்ரி இன்று மதியம் வந்தாள். மின்சாரத்தை நிறுத்தினாள், ஹீட்டர் தொட்டியை வடித்தாள், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினாள்.

"பெருசு, நல்லா கேட்டுக்கங்க. மேல் டேங்குத் தண்ணி ஹீட்டருக்குள்ள மெதுவாத்தான் இறங்கும். சமையல்கட்டு வெந்நீர்க் குழாயத் திறந்தே விடுங்க. உள்ள இருக்கிற காத்தெல்லாம் போகணும். தண்ணி ஒரே தாரையா வந்தப்புறம் மூடுங்க. அப்புறம்தான் சுவிட்சு."

"முன்னாடியே போட்டா?"

"எலிமென்ட் காத்துல நிக்கும், பொசுக்குன்னு கருகிடும். அடுத்தது அடிலெய்டுலேர்ந்துதான் வரணும்."

"சரிதான் போம்மா. நான் என்ன பச்சைப் புள்ளையா?"

ஏதோ பண்ணையில் ஆடுகளுக்குத் தண்ணீர் பம்ப் நின்றுவிட்டதாம். அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

4

இங்கேதான் கதை என் கையை மீறுகிறது.

ஒரு கோப்பைத் தண்ணீரில் பல் தேய்ப்பவர் நெவில். குளித்த தண்ணீரை வாளியில் பிடித்து எலுமிச்சைக்கு ஊற்றுவார். அவர் மட்டுமா? அத்தனை வறட்சியைப் பார்த்த இந்த ஊரில், ஓடும் குழாயைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எவராலும் முடியாது.

குழாய் உறுமியது. பைப்பில் தேங்கிக் கிடந்த தண்ணீரை இரண்டு துப்பு துப்பியது.

"வந்துருச்சு!" கை தானாகப் போய் மூடிவிட்டது. சுவிட்சையும் போட்டுவிட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. ஹீட்டருக்கான மலிவு மின்சாரம் இரவில்தான் வரும்.* குழாய் மூடியிருக்கும் வரை உள்ளே இருக்கும் காற்று போகாது, தண்ணீரும் இறங்காது; எலிமென்ட் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும், மின்சாரம் வந்ததும் கருகிவிடும். நெவிலோ குளியலறையில் ஐரீனுக்கு நாற்காலி போட்டு, புதுச் சோப்பைப் பிரித்து வைக்கிறார்.

* இதை அடிக்குறிப்பாக்க நினைத்தேன். ஆனால் கதையின் உயிரே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

5

முடிவுகளை முயன்று பார்த்தேன்.

கெர்ரி திரும்பி வந்து பார்க்கிறாள். (வர மாட்டாள். பண்ணை தூரம்.)

காலையில் ஐரீன் நாற்காலியில் உட்கார்ந்து குழாயைத் திறக்கிறாள். நெவில் துண்டோடு கதவருகே நின்று, "என்னடி, சுடுதா?" என்று... இல்லை. எனக்கு மனசு வரவில்லை.

நானே போய்த் திறக்கலாமே? போனேன். "தாரையா வரணும்னாளே" என்று கத்திச் சொல்லித் திறந்தேன். "அடப்பாவி, தண்ணிய வீணாக்காத!" என்று வந்து மூடிவிட்டார். அவரை அப்படி எழுதியவன் நான். இனி எனக்கே அடங்க மாட்டார்.

ஆனால் உங்களை அவருக்குத் தெரியாது. இன்னும் இருட்டவில்லை. அவர் குளியலறையில் இருக்கிறார், காதும் கேட்காது. சமையல்கட்டில் சிவப்புப் புள்ளி போட்ட குழாய். திறந்துவிடுங்கள். வேண்டுமானால் வாளி வையுங்கள், எலுமிச்சைக்கு ஆகும். முதலில் வெறும் காற்று சீறும். வெகு நேரம் கழித்துத் தண்ணீர் துப்பும். வந்துவிட்டதே, வீணாகிறதே என்று உங்கள் கையும் பரபரக்கும்.

தயவுசெய்து மூடிவிடாதீர்கள்.