சேர்ந்து நடந்த நாள்

ஏழு வருஷமாக நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு தெருவைக்கூடத் தாண்டியதில்லை. வீடே இல்லாதவரை வீட்டுக்காரர் என்று சொல்வது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. வாயில் வேறு வார்த்தை வருவதில்லை.

சண்டை ஒன்றுமில்லை. கடல் தடுப்புச் சுவரோரம் எங்களுக்கு இரண்டு மூட்டை, ஓர் அடுப்பு, ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. இவற்றுக்கு எந்நேரமும் ஓர் ஆள் காவல் வேண்டும். ஆளில்லாத சாமானைக் குப்பை என்று சொல்லி நகராட்சி லாரி அள்ளிக்கொண்டு போய்விடும். முதல் வருஷமே அப்படி எல்லாம் போய், ஒரே சேலையோடு ஒரு மாதம் கிடந்தேன். அன்றிலிருந்து ஒருவர் எழுந்தால் ஒருவர் உட்கார வேண்டும் என்று ஆனது.

ஆரம்பத்தில் மாறி மாறித்தான் வேலைக்குப் போனோம். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். இரண்டு வருஷமாக "நீ போ, நான் உக்காந்துக்கறேன்" என்பதோடு சரி. நான் விடியுமுன் மீன் ஏலக் கொட்டகைக்குப் போய், செதிலும் குடலும் வாரித் தரை கழுவிவிட்டு இடுப்பொடிந்து வருவேன். போகும்போதும் உட்கார்ந்திருப்பார், வரும்போதும் உட்கார்ந்திருப்பார். துரைக்கு உடம்பு நோகாமல் சோறு வேண்டும் என்று வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். திருப்பி ஒரு சொல் சொல்ல மாட்டார். அதுவே எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பும்.

சுவரோரத்து ஆட்களைக் கணக்கெடுக்க வந்த அதிகாரியம்மா ஒரு சீட்டைக் கொடுத்தார். குலுக்கலில் எங்களுக்கு அரசுக் குடியிருப்பில் ஓர் அறை விழுந்திருக்கிறது. வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கணவன் மனைவி இருவரும் குடியிருப்பு வாசலில் இருக்கும் அலுவலகத்துக்கு நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும், வராவிட்டால் அறை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார். மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான். மழைக்காலத்தில் அலை சுவரைத் தாண்டி எங்கள் மேல் விழும். போன மழையில் பிடித்த இருமல் எனக்கு மூன்று மாதம் விடவில்லை. இந்த மழையையும் அங்கே கழித்தால் நான் தேற மாட்டேன் என்று இருவருக்குமே தெரியும்.

பக்கத்தில் பாட்டில் பொறுக்கும் அக்காவை எல்லோரும் ரேடியோ என்போம், அவ்வளவு பேச்சு. வியாழக்கிழமை சாமான்களை அவளிடம் ஒப்படைத்தேன். நாங்கள் கிளம்பும்போது அவள் வாயே திறக்காமல் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போது புரியவில்லை. கொட்டகையில் அன்றைக்கென்று என்னைப் பிடித்து வைத்துக்கொண்டதால் கிளம்பவே மணி பதினொன்றாகிவிட்டது. இருபது நிமிஷ நடைதானே என்று முன்னால் நடந்தேன். அறை கிடைத்தால் முதலில் துணி காயப்போட ஒரு கொடி கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போய், பதில் வராமல் திரும்பிப் பார்த்தால், அவர் நான்கு கடைக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இடது காலை அவர் தூக்கவே இல்லை, இழுத்தார். பத்தடிக்கு ஒரு தடவை நின்றார். வேட்டியை விலக்கிப் பார்த்தேன். முழங்கால் வீங்கித் தேங்காய் மாதிரி இருந்தது.

"எப்பலேருந்துங்க இது?"

"ரெண்டு வருஷம் முன்ன துறைமுகத்துல மூட்டையோட விழுந்தேன், அப்பலேருந்து. உனக்குத் தெரிஞ்சா நீ வேலைக்குப் போகாம என்னையே பாத்துட்டு உக்காந்திருப்ப."

அக்கம்பக்கத்துக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. ரேடியோதான் தினமும் கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப் போயிருக்கிறாள். எனக்கு மட்டும் தெரியாது. அவர் நடந்து நான் பார்த்தே இரண்டு வருஷமாகிறது. இந்த வாய் பேசிய பேச்சையெல்லாம் நினைத்து அந்த நடுத்தெருவில் கூனிக் குறுகிப் போனேன். ஓர் ஆட்டோவை நிறுத்தப் பார்த்தேன். எங்கள் கோலத்தைக் கண்டதும் அவன் வேகம் பிடித்தான். அவர் கையை என் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது.

குமாஸ்தா பொல்லாதவர் இல்லை. எங்களை உட்காரச் சொல்லி, தண்ணீரும் கொடுத்தார். பிறகுதான் கேட்டார்.

"நாலாவது மாடி. லிஃப்ட் கெடையாது. கீழ இருக்கறதெல்லாம் போயிடுச்சு. ஏற முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, அடுத்த வருஷம் பாக்கலாம்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் கட்டை விரலை மையில் அழுத்தித் தாளில் வைத்துவிட்டார்.

"ஏறிடுவோம் சார்."

நானும் கைநாட்டு வைத்த பிறகு, அவரைக் குடியிருப்பின் முதல் படியில் உட்கார வைத்துவிட்டு, ரேடியோவிடமிருந்து சாமான்களை வாங்கி வந்து இரண்டு நடையில் மேலே கொண்டுபோனேன். எழுபத்திரண்டு படி, எண்ணினேன். அதற்குப் பிறகு அவர். ஒரு படி ஏறுவார், உட்காருவார். மேலேயிருந்து இறங்கி வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில், சட்டையெல்லாம் வியர்வையாக, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இனிமே நான் கீழ எறங்கணும்னா நாலு பேர் வந்துதான் தூக்கணும்."

கைநாட்டு வைக்கும்போதே அவருக்கு இது தெரியும். என் மேல் மழை படக் கூடாது என்று, தனக்கு மிச்சம் இருக்கிற நாளையெல்லாம் அந்த ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டச் சம்மதித்து வந்திருக்கிறார். நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். இன்னும் பதினெட்டுப் படி இருந்தது. அவர் கையை நீட்டினார். நான் பிடித்துத் தூக்கினேன்.