உலைக்குள் மூடி

உலையின் மேல்மட்டம் வெகுநேரமாக இறங்கவில்லை. போட்ட இரும்பு போட்டபடி கிடந்தது. ஆனால் மின்சாரம் குறையாமல் போய்க்கொண்டிருந்தது.

உலையை இயக்கும் ஹபீப் ரகுமானுக்குக் காரணம் தெரிந்தது. பஞ்சாலையிலிருந்து வந்த பழைய சக்கரத்தை உடைக்காமல் அவசரத்தில் குறுக்கே போட்டவன் அவன்தான். அது உலையின் வாயை அடைத்துக்கொண்டது. மேலே விழுந்த துண்டுகள் அதோடு ஒட்டி மூடியாகிவிட்டன.

இந்த உலையில் தீ கிடையாது. சுற்றியுள்ள செம்புச் சுருளில் மின்சாரம் ஓடும். உள்ளே கிடக்கும் இரும்பு தன் சூட்டில் தானே உருகும். சுருள் சூடாகாமலிருக்க அதற்குள் தண்ணீர். தண்ணீருக்கும் உருகிய இரும்புக்கும் நடுவே கையகலச் சுவர். மூடிக்குக் கீழே இரும்பு கொதித்து அந்தச் சுவரைத்தான் தின்றுகொண்டிருந்தது. சுவர் ஓட்டையாகி இரும்பு தண்ணீரைத் தொட்டால் உலை வெடிக்கும்.

உதவியாள் எட்வின் நீளக் கம்பியோடு உலைமேடையில் ஏறியிருந்தான்.

"ஏலே, எறங்கு!"

"இட்லி வேகலைன்னா குத்திப் பாக்க வேண்டாமா பாய்?"

"குத்தினா மூஞ்சியிலதான் வேகும். எறங்குலே!"

ஹபீப் மின்சாரத்தை நிறுத்தினான். உலையின் உறுமல் அடங்கியது. வார்ப்பாலை முதலாளி ஐயாதுரை ஓடிவந்தார்.

"யாருவே நிறுத்துனது? அச்செல்லாம் காத்துக் கெடக்கு. பம்ப் கம்பெனிக்காரன் ஸ்ரீவில்லிபுத்தூருலேர்ந்து வார்ப்ப எடுக்க ஆள் அனுப்பிட்டான்."

"நாந்தான் அண்ணாச்சி. உள்ள இரும்பு பாலம் கட்டி மூடிருச்சு. சக்கரத்த முழுசாப் போட்டது என் தப்பு."

"தப்பப் பொறவு பேசலாம். கரண்ட்டப் போடு."

"போட்டா சுவரு போயிரும். எட்வின் அதுக்கு மேல நிக்கான்."

ஐயாதுரை மேடையைப் பார்த்தார். எட்வின் சிரிக்கவில்லை. கம்பியைப் போட்டுவிட்டு இறங்கினான்.

எல்லோரும் தூணுக்குப் பின்னால் போனார்கள். அங்கிருந்த சாய்ப்பு நெம்புகோலை ஹபீப் தள்ளினான். உலை மெல்லச் சாய்ந்தது. அடியில் கிடந்த குழம்பு மூடியின் ஓரத்தைத் தொட வேண்டும்; தொட்டால் அதுவே ஓட்டை போடும். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தான்.

மூடியோரம் சிவந்தது, வெளுத்தது. பிறகு வெடித்தது. அடைபட்ட காற்று தீப்பொறியாகச் சீறி, எட்வின் நின்ற இடத்தின் மேல் கொட்டியது.

சீற்றம் அடங்கியதும் சக்கரம் உள்ளே விழுந்தது.

"இப்ப ஊத்தலாமா?" ஐயாதுரையின் குரல் தணிந்திருந்தது.

"கொதிச்சுக் கெட்டுப்போன இரும்பு, இத ஊத்தினா பம்ப்புக்கு ஆகாது அண்ணாச்சி. குழியில கொட்டிட்டு சுவரப் பாக்கணும்."

ஐயாதுரை கைபேசியை எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆளைத் திரும்பிப் போகச் சொன்னார்.