மேடையில் டிரம் கூடாது

"டிரம்மை வண்டியிலேயே வச்சிடு தம்பி," என்றார் டார்ப்ளி. "வேணும்னா நீயும் அதுக்குத் துணையா அங்கேயே இரு."

ஆர்வில் அரங்கத்தின் பின்வாசலில் டிரம்மைக் கட்டிப் பிடித்தபடி நின்றான்.

1955-இல் வடக்கு லூசியானாவில் சனிக்கிழமை மாலை என்றால் 'களத்துமேட்டு ஆட்டம்' என்ற பாட்டு நிகழ்ச்சிதான். அரங்கத்தில் பாடுவார்கள், ரேடியோவில் நாலு மாநிலம் கேட்கும். நடத்துபவர் டார்ப்ளி. அவர் மேடையில் பிடில் ஏறலாம், பான்ஜோ ஏறலாம். டிரம் ஏறக் கூடாது. அது சாராயக்கடைச் சாமான் என்பது அவர் கட்சி.

"நான் இதை உள்ள விட்டா, நாளைக்கு ஊர்ப் பாதிரியார் அத்தனை பேரும் என் வீட்டு வாசல்ல நிப்பாங்க. தாளத்துக்குப் பாஸ் வாசிக்கிற பொண்ணு போதும்."

அந்தப் பெண் லூரீன், பாடகன் கார்லண்டின் தங்கை. தன்னைவிட உயரமான பாஸ் பிடிலைத் தோளில் சாய்த்திருந்தாள். "நீங்க போதும்னா ஆச்சா சார்? எனக்குக் கை ரெண்டுதான்," என்றாள். டார்ப்ளி காதில் போட்டுக்கொள்ளாமல் போய்விட்டார்.

கார்லண்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். ஆர்விலின் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னிக்கு எடுபட்டா வாராவாரம் நமக்கு இடம்டா. விட முடியாது."

"என்னை விட்டுடலாம். இல்ல?"

"ரெண்டு பேரா ஜெயிச்சா வாராவாரமும் ரெண்டு பேராத்தான் வரணும். டார்ப்ளி மாற மாட்டார்."

ஒளிவுமறைவு இல்லாத பேச்சு. ஆர்வில் இல்லாமல் பாட்டு எடுபட்டால், திங்கட்கிழமை முதல் அவன் வெறும் ஐஸ் வண்டிக்காரன்.

ஐஸ் வண்டியை அவன் குறை சொல்ல முடியாது. தாளமே அதில் வந்ததுதான். அவனுடைய வெள்ளையர் சபையில், நாலடித் தாளத்தில் ஒன்றாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் கை தட்டுவார்கள், ஆணி அடிப்பதுபோல. தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் கறுப்பர்களின் தேவாலயத்துக்கு ஐஸ் இறக்கப் போனபோது, அங்கே இரண்டுக்கும் நாலுக்கும் தட்டினார்கள். பாட்டு தரையில் உட்காரவே இல்லை. வண்டியிலிருந்த ஐஸ் உருகித் தெருவில் ஓடும்வரை அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

டிரம்மை வண்டியில் போட்டுவிட்டு உள்ளே வந்தான். குச்சிகள் மட்டும் கையில் இருந்தன. மேடை ஓரத்தில் பன்றிக்கொழுப்பு டின்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. நிகழ்ச்சிக்குக் காசு கொடுக்கும் பெட்டஸின் சரக்கு. வாரம் தவறாமல் அவரே முன்வரிசையில் உட்கார்ந்து டின்களைப் பார்த்துக்கொண்டிருப்பார், மகள் கல்யாணத்தைப் பார்ப்பவர் மாதிரி.

ஆர்வில் சும்மா ஒரு டின்னைத் தட்டினான். தொம் என்றது. இன்னொரு தடவை தட்டினான்.

"லூரீன், இது டிரம்மா?"

"இது கொழுப்பு. உனக்கு இருக்கிறதே, அது."

"அப்போ மேடையில வைக்கலாம். இது அடித்தாளம். மேல்தாளத்துக்குக் காலி டின் ஒண்ணு வேணும்."

"உள்ள இருக்கிறதை எங்க கொட்டுவே?"

இருவரும் கார்லண்டின் தொப்பியைப் பார்த்தார்கள்.

"வேணாம்," என்றான் கார்லண்ட். "தொப்பியில்லாம ஒரு பாட்டுக்காரன் மேடை ஏறினா, துணியில்லாம வந்த மாதிரிடா."

"அப்பவாவது கூட்டம் சேரும்," என்று சொல்லி லூரீன் தொப்பியைக் கழற்றிவிட்டாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஆர்விலின் கை முழங்கைவரை கொழுப்பில் பளபளத்தது. கார்லண்ட் வெறுந்தலையோடு மைக் முன்னால் போனான். ஆர்வில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு டின்களுக்குப் பின்னால் உட்கார்ந்தான். டார்ப்ளி பார்த்தபோது நேரம் கடந்திருந்தது. திட்டினால் நாலு மாநிலத்துக்கும் கேட்கும். திரைக்குப் பக்கத்தில் நின்று விரலால் தன் கழுத்தைத் தானே அறுப்பதுபோல் காட்டினார். ஆர்வில் பார்க்காததுபோல் அடித்தான்.

தொம், டங். தொம், டங்.

நல்ல சத்தம். நினைத்ததைவிட நல்ல சத்தம். லூரீன் பாஸின் கம்பிகளை அறைந்து இழுத்தாள். கார்லண்ட் இடுப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தான். கூட்டம் மட்டும் அசையவில்லை. தாளத்துக்கு எங்கே தட்டுவதென்று தெரியாமல், தட்டத் தூக்கிய கையை மடியில் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது சரணத்தில் ஆர்வில் உற்சாகத்தில் ஓங்கி ஒரு போடு போட்டான். காலி டின்னுக்குக் கனமில்லை. எகிறி விழுந்து, மேடையில் உருண்டு, விளிம்பைத் தாண்டிப் பெட்டஸின் மடியில் போய் விழுந்தது.

தொம். வெற்றிடம். தொம். வெற்றிடம்.

முதலும் மூன்றும் இருந்தன. பாட்டைத் தூக்கி நிறுத்தும் இரண்டும் நாலும் இல்லை. லூரீன் திரும்பிப் பார்த்தாள். கார்லண்டின் குரல் தளர்ந்தது. டார்ப்ளி திரையின் கயிற்றில் கை வைத்துவிட்டார். ஆர்வில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஐஸ் வண்டிதான்.

தொம்.

மேலே எங்கோ ஒரு ஜோடிக் கை தட்டியது.

மாடியில் கறுப்பர்களின் வரிசை. அவர்களுக்குப் பக்கவாட்டுப் படி, தனி டிக்கெட். முன்வரிசையில் நீலத் தொப்பி போட்ட ஒரு பெண், கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி, ஓட்டை விழுந்த இடத்தில் சரியாகத் தட்டினாள். அடுத்த ஓட்டையில் அவள் வரிசை முழுக்கத் தட்டியது. அதற்கடுத்ததில் மாடியே தட்டியது.

தொம், பளார். தொம், பளார்.

கீழே இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். முதலில் இளவட்டங்கள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அவர்களைத் தடுக்க எழுந்த அம்மாக்கள். ஒரு கிழவர் விடாப்பிடியாக ஒன்றுக்கும் மூன்றுக்குமே தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த மனைவி அவர் கையைப் பிடித்து ஒரு அடி தாமதமாக வைத்தாள். பெட்டஸ் எழுந்து நின்று டின்னைத் தலைக்குமேல் தூக்கி, பெயர் தெரியும்படி திருப்பித் திருப்பிக் காட்டினார்.

பாட்டு முடிந்தது. கைத்தட்டல் முடியவில்லை, அதே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. அடுத்துப் பிடில் வாசிக்க வந்தவர் வில்லைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். ஆரம்பிக்க இடம் கிடைக்கவில்லை.

மேடை ஓரத்துக்கு வந்துவிட்ட மூவரிடமும் டார்ப்ளி வந்தார். முகம் வியர்த்திருந்தது. "இன்னொண்ணு பாடுங்க. சீக்கிரம்."

"ரெண்டு பேரா, மூணு பேரா சார்?" என்றான் கார்லண்ட். இந்தத் தடவை ஆர்விலின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

டார்ப்ளி மாடியைப் பார்த்தார். பெட்டஸைப் பார்த்தார்.

"மூணு. ஆனா டிரம் கூடாது. சட்டம் சட்டம்தான்."

"வாராவாரமும்?" என்றான் கார்லண்ட்.

"வாராவாரமும் டின் தர்றேன்யா. போ."

கார்லண்ட் திரும்புவதற்குள் ஆர்வில் மேடைக்குப் போய்விட்டிருந்தான்.