ஏழாம் நம்பரில் ஆள் இல்லை

ஒரு மனுஷியின் சுதந்திரம் என்ன விலை என்று கேட்டால், நாலாக மடித்த அட்டைத் துண்டு ஒன்று. அதற்கு மேல் யாராவது விலை சொன்னால் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அட்டையைக் கதவிடுக்கில் செருகிவிட்டு உள்ளே போனால் வெளியே வரலாம். செருகாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தபால் கொடுக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

மற்றதெல்லாம் சொல்லித் தந்தார்கள். நாயைப் பற்றி மட்டும் ஒரு மணி நேர வகுப்பு. பையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடி. 'ஆள் இல்லை' என்று எழுதுவதற்கு முன் மணியை மூன்று தடவை அடி. பதிவுத் தபால் என்றால் உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும், அவருடைய அண்ணன், தம்பி, மாமன், மச்சான் யார் கேட்டாலும் கிடையாது. கதவுகளைப் பற்றி மூச்சு விடவில்லை. தபால் பிரிக்கும் மேஜையிலிருந்த கண்ணாடிக்காரர் மட்டும் முதல் நாளே சொன்னார்:

"நாய் கடிச்சா ஊசி இருக்கும்மா. கதவு கடிச்சாத்தான் மருந்து இல்ல."

புதுசு சிரித்தாள். புதுசு என்பதுதான் அவளுக்கு அலுவலகத்தில் பேர். அடுத்த ஆள் வேலைக்கு வந்து சேர்கிற வரைக்கும் அந்தப் பேர் போகாது.

இன்று அவளுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலத்தின் கடைசி நாள். காலையில் போஸ்ட் மாஸ்டரம்மா கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "நாலு மணிக்குப் பை காலியா என் மேஜைக்கு வரணும். ஏற்கெனவே ஒரு தடவை லேட்டு. இன்னிக்கும்னா மூணு மாசம் நீட்டிச்சுதான் எழுதணும். எனக்கு உன் மேல கோவம் ஒண்ணும் இல்ல, ரூல்."

மூன்று மாதம் என்பது மாஸ்டரம்மாவுக்கு ஒரு வரி. புதுசுக்கு அது ஒரு பீரோ. கல்யாணமானதிலிருந்து அவளும் புருஷனும் நாத்தனார் வீட்டுக் கூடத்தில், ஓர் இரும்புப் பீரோவுக்குப் பின்னால் குடித்தனம் நடத்துகிறார்கள். பீரோவுக்கு அந்தப் பக்கம் நாத்தனாரின் புடவைகள், இந்தப் பக்கம் தம்பதிகள். நாத்தனார் நல்லவர்; புடவை எடுக்க வரும்போது இருமிவிட்டுத்தான் வருவார். அந்த இருமலைக் கேட்டுக் கேட்டு, தெருவில் யார் இருமினாலும் புதுசின் கை தானாக முந்தானையைச் சரி செய்யும். மூன்று தெரு தள்ளி ஓர் அறை பார்த்து வைத்திருந்தார்கள். ஒரு ஜன்னல், உள்ளிருந்து தாழ் போட ஒரு கதவு. வீட்டுக்காரர் கறார் பேர்வழி. "வேலை நிரந்தரம்னு ஒரு காகிதம் நாளைக்குக் காலையில காட்டுங்க. இல்லேன்னா இன்னொரு பார்ட்டி நிக்குது" என்றார். எல்லா வீட்டுக்காரர்களிடமும் இன்னொரு பார்ட்டி நிற்கும். ஆனால் இவரிடம் நிஜமாகவே நின்றது. புதுசு கண்ணால் பார்த்தாள்.

ஆகவே கொஞ்சம் அவசரம். அவசரத்தில் அந்த எட்டு வீட்டுக் கட்டடத்தின் வெளிக் கதவைத் தபால் சாவியால் திறந்தாள். சாவியைத் தள்ளுவண்டிக் கைப்பிடியில் மாட்டினாள், போன் வண்டிப் பையில். இரண்டு கையிலும் கடிதக் கட்டு, காலால் கதவைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஓர் எட்டு வைத்தால் பெட்டிகள் எட்டும் என்று அந்த ஓர் எட்டையும் வைத்தாள். பின்னால் கதவு மெதுவாக, மரியாதையாக, சாத்திக்கொண்டது.

எட்டுப் பெட்டியிலும் போட்டு முடித்துத் திரும்பியபோதுதான் பார்த்தாள். வெளிக் கதவின் உட்புறத்தில் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. உள் கதவு, மாடிப்படிக்குப் போவது, குடியிருப்போர் சாவிக்குத்தான் திறக்கும். அதன் கண்ணாடியில் அந்தப் பக்கம் பார்க்க ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எழுத்து இடம் வலமாகத் திரும்பித் தெரிந்தாலும் படிக்க முடிந்தது: 'கைப்பிடி உடைந்துள்ளது. பின்வாசலைப் பயன்படுத்தவும்.' குடியிருப்பவர்களுக்கு அறிவித்துவிட்டார்கள். தபால்காரியை யார் நினைத்தார்கள்?

இரண்டு கதவுக்கும் நடுவில் அவள் நின்ற இடத்தில், கையை நீட்டினால் இரண்டு சுவரும் தொடும். ஓர் உடைந்த குடை, விளம்பரத் தாள்கள் ஒரு கட்டு. மேலே ஆள் அசைந்தால் எரியும் விளக்கு. யோசிக்க நின்றால் அணைந்துவிடும். இந்த வீட்டில் யோசனைக்கு வெளிச்சம் கிடையாது போலிருக்கிறது. கையை ஆட்டினாள், எரிந்தது.

கதவுக் கண்ணாடி வழியே சந்தில் தன் வண்டியும் சாவியும் தெரிந்தன. ஒருவர் வந்தார். புதுசு கண்ணாடியைத் தட்டி, வண்டியைக் காட்டி, சாவியைக் காட்டி, கதவைக் காட்டினாள். அவர் வண்டியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். 'உன் வண்டியை எவன் தொட்டான்?' என்பது போல் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தச் சந்தில் அதற்குப் பிறகு ஒரு பூனைதான் வந்தது.

சுவரில் எட்டு வீட்டுக்கும் பேசும் பொத்தான்கள் இருந்தன. பகல் நேரம், எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, பதில் இல்லை. நாலில் ஒரு பெண் குரல்.

"யாரு?"

"போஸ்ட்டுங்க."

"போஸ்ட்டுன்னா பெட்டியில போட்டுட்டுப் போங்க."

"போக முடியலைங்க, நானே பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி..."

"கைக்குழந்தை இப்பதாங்க தூங்குது. திரும்ப அழுத்தினீங்க, நீங்கதான் வந்து தூங்க வெக்கணும்." டக்கென்று ஓசை அடங்கியது. திரும்ப அழுத்தியபோது பொத்தான் செத்திருந்தது.

ஐந்து, ஆறு, எட்டிலும் பதில் இல்லை. மிச்சம் இருந்தது ஏழு. ஏழாம் நம்பரைத்தான் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். காரணம் இடுப்புப் பையில் இருந்தது: ஏழாம் நம்பருக்கு ஒரு பதிவுத் தபால். இரண்டு தடவை, குடியிருப்பவர் யாரோ உள் கதவைத் திறந்துவிட, அவள் மாடி ஏறி மணி அடித்திருக்கிறாள். இரண்டு தடவையும் கதவுக்குக் கீழே இரண்டு செருப்பில்லாத கால்களின் நிழல் தெரிந்தும் கதவு திறக்கவில்லை. இன்று மூன்றாவது தடவை. இன்றும் 'ஆள் இல்லை' என்றால் தபால் அனுப்பியவருக்கே திரும்பும். ஒளிந்திருக்கிற மனுஷனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

அழுத்தினாள். விரலை எடுக்கவில்லை. வெகு நேரம் கழித்து ஒரு கரகரப்பு.

"ஏழாம் நம்பர்ல யாரும் இல்ல."

"அப்ப நீங்க யாருங்க?"

அங்கே ஒரு யோசனை நடந்தது. "நான் அவனோட அண்ணன். ஊர்லேருந்து வந்திருக்கேன்."

"நல்லதாப் போச்சுங்க அண்ணே. கீழ ரெண்டு கதவுக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன். வந்து உள் கதவத் திறந்து விடுங்க."

"தபால் இருக்கா?"

"உங்க தம்பிக்கு ஒண்ணு இருக்கு. அண்ணன் கையில குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப என்ன எழுதுவே?"

புதுசுக்குப் பேரம் புரிந்துவிட்டது. "தம்பி ஊர்ல இல்லைன்னா 'ஆள் இல்லை'ன்னுதானே எழுதணும்?"

"சத்தியமா?"

"சத்தியம் எல்லாம் பெரிய வார்த்தை. கதவத் திறங்க, எழுதறேன்."

"முதல்ல எழுதும்மா, அப்புறம் திறக்கறேன்."

"எழுதினது உங்களுக்குத் தெரியுமா, இல்ல எனக்குக் கதவு திறக்குமா? கைக்குக் கை மாத்துங்க, அதுதான் நியாயம்."

"தங்கச்சி மாதிரி நினைச்சுச் சொல்றேன்..."

"தங்கச்சிய யாராவது கூண்டுல நிறுத்திப் பேரம் பேசுவாங்களா? வாங்கண்ணே, நாலு மணிக்கு ஆபீஸ்ல இருக்கணும், வேலை போயிடும்."

வந்தார். பனியன், வேட்டி மாதிரி சுற்றிய ஒரு போர்வை, இரண்டு வாரத் தாடி. கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்து, "எங்க, எழுதிக் காட்டு" என்று கையை நீட்டினார். புதுசு உறையை எடுத்தாள். எழுத்தைப் பார்க்க அவர் குனிந்தார். குனிந்தவர் இன்னும் ஓர் எட்டு வைத்தார். பின்னால் உள் கதவு, மெதுவாக, மரியாதையாக.

"சாவி?" என்றாள் புதுசு.

அவர் போர்வையைத் தடவிப் பார்த்தார். போர்வையில் பை கிடையாது.

விளக்கு அணைந்தது. இருவரும் சேர்ந்து கையை ஆட்டினார்கள்.

"இப்ப எழுதும்மா."

"எதை?"

"ஆள் இல்லைன்னு. நான் வந்தேன்ல?"

"வந்தீங்க. கதவு திறந்துச்சா? சரக்கு வரல, பேரம் செல்லாது. இப்ப என்னோட சேர்ந்து நீங்களும் உள்ளதான். ஒரு ஆள் கஷ்டத்துல இருந்தேன், துணைக்கு இன்னொரு ஆளைக் கூட்டிக்கிட்டதுதான் மிச்சம்."

அவர் பெட்டிகளில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முழங்கால் இவள் செருப்பில் இடித்தது. உறை இருவருக்கும் நடுவில், ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கண்ணை எங்கே வைத்தாலும் அதன் மேல்தான் விழுந்தது.

"நான் அண்ணன் இல்ல" என்றார்.

"தெரியும். போன வாரமே உங்க காலைப் பாத்தாச்சு."

"வீட்டுக்காரி போயிட்டா. இது விவாகரத்து நோட்டீஸ். நான் கையெழுத்துப் போட்டு வாங்காத வரைக்கும் நான் கல்யாணமானவன். அவ்வளவுதான். வேற யாருக்கும் நான் ஒரு கெடுதலும் பண்ணல."

"எனக்கு நேரம் ஓடுதுங்க. அதுல கொஞ்சம் கெடுதல்தான்." பீரோவைப் பற்றிச் சொன்னாள். நாளைக் காலை, காகிதம், இன்னொரு பார்ட்டி. அவர் கேட்டார். கேட்டுவிட்டு, "கதவுல உள் தாழ்ப்பாள் இருக்கா, அந்த ரூம்ல?" என்றார்.

"இருக்கு."

"தாழ்ப்பாள் ரொம்ப நல்ல விஷயம்னு நினைக்காதே" என்றார் ஏழாம் நம்பர். "நான் ரெண்டு வாரமா போட்டு வெச்சிருக்கேன்."

விளக்குக்காகக் கை ஆட்டினார்கள். பூனை கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து இருவரையும் வேடிக்கை பார்த்தது.

"வாங்கலேன்னா என்ன எழுதுவாங்க?"

"நீங்க நேர்ல நின்னுட்டு வாங்கலேன்னா 'வாங்க மறுத்தார்'. அதுவும் கோர்ட்டுக்கு வாங்கின மாதிரிதான்."

"ஆள் இல்லைன்னா?"

"திரும்பிப் போகும். அனுப்பினவங்க கைக்கு. மேல பெரிசா எழுதியிருக்கும், ஆள் இல்லைன்னு."

"வக்கீல் கைக்கா?"

புதுசு உறையைத் திருப்பிக் காட்டினாள். அனுப்புநர் இடத்தில் வக்கீல் இல்லை. ஒரு பெண்ணின் பெயர், சாய்ந்த எழுத்து. அவர் அதைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தார். அப்புறம் சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை.

"பதினோரு வருஷம். வாசல்ல யார் வந்தாலும், சொந்தக்காரனா இருக்கட்டும், மீட்டர் பாக்கறவனா இருக்கட்டும், 'நான் இல்லைன்னு சொல்லு'ன்னு அவளைத்தான் அனுப்புவேன். அவ போயிச் சொல்லிட்டு வருவா, அவர் இல்லைங்கன்னு. கடைசி நாள்ல சொன்னா, 'சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்திருச்சு'ன்னு." "இதுவும் ஆள் இல்லைன்னு போச்சுன்னா அவ ஆச்சரியப்படவே மாட்டா, இல்ல?"

புதுசு இடுப்புப் பையிலிருந்து பேனாவை எடுத்து வைத்துக்கொண்டாள்.

மூன்றரைக்குப் படியில் செருப்புச் சத்தம். நாலாம் நம்பர்க்காரி, தோளில் குழந்தை, பெரியவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரக் கிளம்பியிருந்தாள். கண்ணாடியில் இரண்டு முகங்களைப் பார்த்துத் திடுக்கிட்டு, சாவியைப் போட்டுத் திறந்தாள்.

"அடக் கடவுளே, நிஜமாவே மாட்டிக்கிட்டீங்களா? நான் எதையோ விக்க வந்தவங்கன்னு நினைச்சேன். அட, ஏழாம் நம்பர் அண்ணாவா? ரெண்டு வாரமா ஆளையே காணோமே, ஊருக்குப் போயிட்டீங்களோன்னு..."

"இங்கதான் இருந்தேன்" என்றார் அவர்.

நாலாம் நம்பர் போனாள். புதுசு பேனாவைத் திறந்து, திறந்த கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றாள். "இனிமே நான் ஆள் இல்லைன்னு எழுத முடியாதுங்க. வாங்கறீங்களா, மறுத்தார்னு எழுதட்டுமா? சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு இன்னும் ஒரு தெரு முழுசும் பாக்கி."

அவர் மூன்று படி ஏறினார். நின்றார். "ரெண்டு நிமிஷம் இரும்மா. சட்டை போட்டுட்டு வந்து வாங்கிக்கறேன்."

"சட்டையா?"

"அவ அனுப்பினதை பனியனோட வாங்க மனசு வரல."

இந்த இடத்தில் 'மறுத்தார்' என்று எழுதிவிட்டு ஓடியிருக்கலாம். யாரும் குறை சொல்ல முடியாது. ரூலும் அவள் பக்கம். இரண்டு நிமிஷம் என்பவர்கள் இரண்டு நிமிஷத்தில் வந்ததாகச் சரித்திரம் கிடையாது. அவர் சட்டை தேடுகிறாரா, தாடி எடுக்கிறாரா, தாழ் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாரா, கீழேயிருந்து என்ன தெரியும்? புதுசு நின்றாள். ஒரு ஜன்னல், ஒரு கதவு என்று மனசுக்குள் அறை ஓடியது. ஏன் நின்றாள் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. நின்றாள்.

வந்தார். முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டு, தலை சீவி. தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிரிக்கவில்லை. "வண்டிய நான் கொஞ்சம் தள்ளட்டுமா?" என்று கேட்டார்.

"வேற ஆள் தொடக் கூடாதுங்க" என்று சொல்லிக்கொண்டே பின்வாசல் வழியாகக் கட்டடத்தைச் சுற்றி ஓடினாள்.

நேரத்துக்குப் போவதா, பையைக் காலி செய்வதா? கெட்டிக்காரத்தனமாக இரண்டையும் பிடிக்கப் போய் இரண்டையும் விட்டாள். அலுவலகத்தில் கண்ணாடிக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜோக் எதுவும் சொல்லாமல் முத்திரை குத்துகிற வேலையைப் பார்த்தார்.

"எங்க போனே?" என்றார் மாஸ்டரம்மா.

"மாட்டிக்கிட்டேன்மா. கதவுல."

"ஆறு மாசத்துல எல்லாரும் ஒரு தடவை மாட்டுவாங்க. நீ கடைசி நாளாப் பாத்தா மாட்டணும்?" குரலில் வருத்தம் இருந்தது, கை அதுபாட்டுக்குப் பேனாவை எடுத்தது. "அந்த ரூமுக்கு நான் வேணும்னா வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை..."

"வார்த்தை எடுபடாதும்மா. காகிதம்தான் கேட்டாரு."

மாஸ்டரம்மா பையைக் கவிழ்த்து எண்ணினார், புத்தகத்தில் கோடு போட்டார், கோட்டுக்குக் கீழே எழுதினார்:

பதிவுத் தபால்: எடுத்தது ஆறு, கொடுத்தது ஆறு, சரி. சாதாரணத் தபால்: கொடுக்காமல் திரும்பியது அறுபத்திரண்டு. நேரம்: இருபத்தைந்து நிமிடம் தாமதம். தகுதிகாண் காலம்: இன்னும் மூன்று மாதம் பாக்கி.