பலாமரத்து நிழல்

சின்னையாவுக்குத் தன் வேலையில் தப்பே வராது. நாற்பது வயதுவரை அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். கோப்பெங் ஊருக்கு அப்பால் மலை உச்சியில், தொலைபேசிக் கோபுரத்துக்குச் சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கும் தகடுகளைப் பூட்டுகிறவர். எண்பத்தாறாம் வருஷத்தில் அந்த வேலை தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தானே செய்யும்!

அவருடைய அக்கா நல்லம்மாளும் மச்சான் பத்துமலையும் மூடிப்போன ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஜெனரேட்டர் நின்று இரண்டு வருஷம். கண் மங்கிய பத்துமலை ஒரு நாள் அந்தி இருட்டில் பின்படி தெரியாமல் விழுந்து காலை முறித்துக்கொண்டார். கேள்விப்பட்ட சின்னையா, மலையில் கழித்துப்போட்ட இரண்டு தகடுகளைக் கேட்டு வாங்கிவந்து தகரக் கூரையில் பூட்டினார். ஒரு கார் பாட்டரி, பின்படிக்கு ஒரு விளக்கு. ஆனால் விளக்கு அரைமணி நேரம்கூட நிற்கவில்லை.

"பலாமரம்தான்க்கா காரணம்" என்றார் சின்னையா. "காலையில மலை வெயில மறைக்குது. மத்தியானத்துக்கு மேல இந்த மரம் ஒரு தகட்ட மறைக்குது. வெட்டிட்டா சரியாப் போயிரும்லா."

நல்லம்மாள் மரத்தைப் பார்த்தாள். "வெட்டிரு தம்பி. அவரு இன்னொரு வாட்டி விழக்கூடாது."

அடுத்த ஞாயிறு சின்னையா வந்தபோது பாராங் கத்தியைக் காணோம். நல்லம்மாள் வீட்டையே கவிழ்த்துத் தேடினாள். பத்துமலை கட்டிலில் உட்கார்ந்து, "எனக்கென்ன தெரியும்?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேடி அலுத்த நல்லம்மாள் அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுபோய் மரத்தடியில் ஊற்றினாள்.

"வெட்டப்போற மரத்துக்கு எதுக்குக்கா தண்ணி?"

"பழக்கம்டா. பாப்பா பொறந்தப்ப தொப்புள்கொடிய இங்கதான் பொதச்சு, மேல கன்னு வச்சோம். நீ அப்ப கோலாலம்பூர்ல இருந்த."

பாப்பா அக்காவின் மகள்; ஆறு வயதில் காய்ச்சலில் போனவள். வெட்டு வெட்டு என்று வாய் கூசாமல் சொன்னோமே என்று சின்னையாவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஏணியை எடுத்துக் கூரைக்கு ஏறினார்.

மேலே உட்கார்ந்து கம்பியைப் பார்த்தார். பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். மலையில் பாட்டரிகளையும் இரண்டிரண்டாகத் தொடுத்திருப்பார்கள். அதனால் ஒரு தகட்டின் வாலில் இன்னொன்றை முடிந்து, வரிசையாகத்தான் பூட்டுவார். அங்கே நிழல் என்ற பேச்சே இல்லை. ஐந்தாறு வருஷமாக ஒரே வேலையைச் செய்த கை, இங்கேயும் யோசிக்காமல் அதையே செய்துவைத்திருந்தது. இங்கே இருப்பதோ ஒரே பாட்டரி. ஒரு தகட்டில் நிழல் விழுந்ததும் வெயிலில் கிடந்த மற்றதும் சேர்ந்து படுத்துவிட்டது.

பிளஸ்ஸைப் பிளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் சேர்த்துப் பக்கம்பக்கமாகப் பூட்டிவிட்டு இறங்கினார்.

"மரத்து மேல தப்பில்லக்கா. தப்பு என்னோடது" என்றார். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. "ஒரே குழாயா இருந்தா நடுவுல அடைச்சாலும் தண்ணி வராது. இப்ப ரெண்டு குழாய் போட்டாச்சு. ஒண்ணு அடைச்சாலும் மத்தது ஊத்தும்."

இரண்டு நாள் வெயில் காய்ந்தது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து சின்னையா நேராகத் தோட்டத்துக்கே வந்துவிட்டார். ஆறரைக்குப் போட்ட விளக்கு, மூவரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் நின்று எரிந்தது. படி தெரிந்தது, படிக்கு அப்பால் பலாவின் அடிமரமும் தெரிந்தது.

பத்துமலை கம்பை ஊன்றிக் கட்டிலுக்குப் போய், மெத்தைக்கு அடியிலிருந்து பாராங் கத்தியை உருவி எடுத்துவந்தார்.

"இத்தன நாளு இதும்மேலயா படுத்திருந்தீங்க?" என்று கேட்டாள் நல்லம்மாள். "உங்களுக்காகத்தானே வெட்டச் சொன்னேன்."

"தெரியும். அதனாலதான் ஒளிச்சு வச்சேன்." கத்தியை அவள் கையில் கொடுத்தார். "எடுத்து வை. காய் பழுத்தா அறுக்கணும்ல."