குழாய்த் தண்ணீரும் கந்தகமும்

1

இந்தக் கதை சாப்பாட்டு மேசையில் பிறந்தது. என் நாத்தனார் பாறைகளை ஆராய்கிறவள். "தேடினது இருந்த இடத்தை நாங்களே கழுவிட்டோம், அண்ணி" என்றாள். எந்த ஆழத்துப் பாறை, எப்படிக் கழுவினார்கள் என்று கொஞ்சம் சொன்னாள். அப்புறம் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும்.

2

கடலின் தரை இன்னொரு தரைக்கு அடியில் வளைந்து, நிதானமாக, ஒரு

(அடித்துவிட்டேன். பாடப்புத்தக வாடை. கதையின் பெண்ணிடமிருந்தே தொடங்குகிறேன்.)

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஒளி ஊடுருவும்வரை தேய்த்த பாறைத் துண்டு. கடல்தரையோடு பூமிக்குள் இறங்கி, எப்படியோ மேலே திரும்பி வந்த பாறை அது. இறங்குகிற பாறையைப் பூமி பிழியும். நீர் கசியும். கந்தகமும் அதோடு கிளம்பி எரிமலை வாய்க்குப் போகும். எவ்வளவு கிளம்புகிறது, எவ்வளவு பாறையிலேயே தங்கி இன்னும் கீழே போகிறது என்பதுதான் கேள்வி. துண்டு முழுக்கக் குட்டிக் குட்டி ஓட்டைகள். 'ஆழத்து நீர் கந்தகத்தைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது' என்று அவளும் அவள் கணவனும் கட்டுரை எழுதி முடித்திருந்தார்கள். அவன் தேய்ப்பான், அவள் பார்ப்பாள். அந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் இருவருக்கும் வேலை நீடிக்கும்.

(நிஜத்தில் நாத்தனாரின் கூட்டாளி யாரோ ஒருவர். கணவனாக்கியது நான். தப்பு செய்தவர் வீட்டுக்கும் கூடவே வந்தால்தான் உறுத்தும்.)

3

"ஏம்பா, எண்பது கிலோமீட்டர்* ஆழத்துல ஓட்டை ஓட்டையாவே நிக்குமா?" என்றாள்.

"எந்த ஓட்டை?"

"நாம எழுதியிருக்கோமே, அதான். அங்க இருக்கற அழுத்தத்துக்கு நசுங்கி மூடியிருக்கணும்ல?"

அவன் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்தினான். தேய்க்க விட்ட குழாய்த் தண்ணீர் தட்டில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். கந்தகம் சில பாறைகளில் உப்பாக இருக்கும். அந்த உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூமி விட்டுவைத்ததை ஆய்வகக் குழாய் கொண்டுபோயிருந்தது.

"எண்ணெய்ல தேய்க்கலையா நீ?"

"எண்ணெய் ஒட்டிக்கும், அளக்கறப்ப தொல்லைன்னு நீதானே சொன்ன?"

"நானா?"

"இல்ல, உங்கம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

"கடைசித் துண்டு ஒண்ணு இருக்கு" என்றாள்.

"தெரியும். எண்ணெய்ல தேய்ச்சு உப்பு தெரிஞ்சா, கட்டுரை காலி."

"தெரியலன்னா?"

"அப்பவும் இப்ப நீ பாத்த பார்வை இருக்குமே."

* எண்பதோ, எழுபதோ. நாத்தனார் சொன்னபோது நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

4

ஒரு முடிவு: எண்ணெயில் தேய்க்கிறார்கள். உப்பு மின்னுகிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். (இதை நம்புகிற வயது எனக்குப் போய்விட்டது.)

இன்னொன்று: தண்ணீரிலேயே தேய்க்கிறார்கள். மறுபடி ஓட்டைகள். கட்டுரை பிழைக்கிறது, சாட்சி சொல்ல இனிப் பாறை இல்லை. (இதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. அதனாலேயே கை வரவில்லை.)

அவர்கள் ஒருவரையொருவர்

வேண்டாம்.

நேற்று நாத்தனாரிடம் கேட்டேவிட்டேன்: "அப்புறம் என்ன பண்ணீங்க?"

தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க, அண்ணி?"

மேசையைத் துடைத்தேன். ஆகவே அவர்களை அங்கேயே விட்டிருக்கிறேன். கடைசித் துண்டு அவன் விரல்களுக்கிடையில். இந்தப் பக்கம் எண்ணெய்ப் புட்டி, அந்தப் பக்கம் குழாய்.

"எதுல?" என்கிறான்.

அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.